உறுமினால் அதட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆபத்தான நாய் இனங்களைப் பற்றிய கட்டுரையோடு, பல்லெல்லாம் தெரியும்படி ஒரு ராட்வெய்லரின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். ஐந்து வருடமாக அந்த இனத்து நாய் ஒன்றை வளர்ப்பவள் நான். நான் கட்டுரையைப் படித்த நேரத்தில் எங்களுடையது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதற்காக "எங்கள் நாய் குழந்தை மாதிரி, ஒன்றும் செய்யாது" என்று எழுத வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களின் நாயைக் கண்டால் நானே நாலடி தள்ளித்தான் நிற்பேன்.

குணம் இனத்தோடு பிறந்துவிடுகிறது என்கிறது கட்டுரை. 'சயின்ஸ்' இதழில் 2022-இல் வந்த ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டது. நாய்க்கு நாய் நடத்தையில் தெரியும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது. சரி, அப்படியானால் எல்லா நாயும் ஒன்றா? இல்லை. ஆண் ராட்வெய்லர் 50 கிலோவைத் தாண்டும். ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் கசாப்புக்காரர்களுக்காக மாடு ஓட்டி, வண்டி இழுத்த உடம்பு அது. பொமரேனியன் செய்தால் சிரித்துவிட்டுப் போகிற தவறை இது செய்தால் தையல் போட வேண்டியிருக்கும். அதனால் வளர்ப்பவருக்குத் தவறு செய்யும் உரிமை குறைவு.

அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது, சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் போனால் உறுமும். என்னையே எதிர்க்கிறதா என்று ரோஷம் வந்து, ஒவ்வொரு முறையும் அதட்டினேன். சுருட்டிய செய்தித்தாளால் மூக்கில் ஒரு தட்டும் உண்டு. இரண்டு வாரத்தில் உறுமல் நின்றது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு நாள் என் தம்பி தட்டை நகர்த்தக் கை நீட்டினான். சத்தமே இல்லாமல் பாய்ந்தது. பல் மணிக்கட்டை உரசியதோடு போயிற்று. பயிற்சியாளரிடம் போய், "எச்சரிக்கையே இல்லாமல் கடிக்க வந்துவிட்டது" என்றேன். "எச்சரிக்கையைத்தான் நீங்கள் அடித்து நிறுத்திவிட்டீர்களே. மாட்டின் மணியைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து முட்டியது என்றால் எப்படி?" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது. அது சாப்பிடும்போது தூரத்திலேயே நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை வீசிவிட்டுத் திரும்பிவிடுவேன். அது உடம்பை விறைக்காமல் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அடுத்த நாள் அரை அடி நெருங்குவது. மூன்று மாதம் பிடித்தது. இப்போது நான் அருகில் போனால் தலையைத் தூக்கி வாலாட்டுகிறது. என்றைக்காவது உறுமினால், அப்படியே நின்று பின்வாங்குகிறேன். உறுமல் அதன் பேச்சு. பேசட்டும்.

கட்டுரையின் கடைசியில், இந்த இனங்களைக் குட்டியிலிருந்தே சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்க்கச் சொல்லியிருந்தீர்கள். அதுதான் என்னை எழுத வைத்தது. மூன்றிலிருந்து பதினான்கு வாரம் வரை குட்டி பார்த்துப் பழகும் மனிதர்களும் சத்தங்களும்தான் பின்னால் அதற்குச் சாதாரணமாகப் படும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிட முடியாதுதான். தோளில் தூக்கிக்கொண்டு போய், குடை பிடித்தவர், தொப்பி போட்டவர், ஓடுகிற குழந்தை என்று காட்டலாமே! அந்த வாரங்களைக் கட்டிப்போட்டே கழித்த நாய்க்குப் பிறகு எல்லோரும் அந்நியர்தான்.

வெளியே போகும்போது எங்கள் நாய்க்கு வாய்க்கூடு உண்டு. கூடை போல இருக்கும், உள்ளே வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். வாயை இறுகக் கட்டும் துணி வகையை நடைக்குப் போடக் கூடாது. நாய்க்கு உடம்புச் சூடு தணிவதே மூச்சு வாங்கித்தான். "கடிக்குமா?" என்று கேட்டால், "பல் இருக்கிறதே" என்பேன்.

ஒரு திருத்தமும் வெளியிடுங்கள். பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் தாடையிலும் கிடையாது. பிடிவாதமாக விடாமலிருப்பது வேறு. அடுத்த முறை படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், குறட்டை விடுகிற படம் நிறைய வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி