சென்னையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். தி.நகரிலும் அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் நீங்கள் நடத்தும் வகுப்புகளுக்குப் போய்விட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒரு பெண்ணின் பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் தன் வாழ்க்கையிலேயே பெருமையான விஷயத்தைச் சொல்ல நினைத்தாள். அவள் மனதில் ஓடிய தமிழ் இது: 'எங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னாலும் நான் டிகிரிய முடிச்சேன்.' வாயில் வந்த ஆங்கிலம்: 'ஈவன் தோ மை ஃபாதர் இஸ் நாட் வெல், ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி.' அப்பா குணமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது, வேலைக்கும் போகிறார். கேட்டவருக்கு அது எப்படித் தெரியும்? 'இஸ்' என்றால் இன்றைக்கும் படுத்திருக்கிறார் என்றுதானே பொருள். அடுத்த கேள்வி, 'அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள், நைட் ஷிஃப்ட் வர முடியுமா?' ஏன் அந்தக் கேள்வி வந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொல்ல வந்த பெருமை கேட்டவர் காதில் ஒரு குடும்பக் கஷ்டமாக விழுந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களில் ஒருவரின் வகுப்பில் அவள் எழுதிக்கொண்ட நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'பட், ஆல்தோ, ஈவன் தோ, ஹவெவர், டெஸ்பைட், யெட்' என்று வரிசையாக எழுதி, எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்: 'ஆனால்'. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை நம்பித்தான் அவள் நேர்முகத்துக்குப் போனாள்.

நம் 'ஆலும்' எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'மழை பெய்தாலும் போனோம்.' 'மழை பெய்தாலும் போவோம்.' முதல் வாக்கியத்தில் மழை பெய்து முடிந்துவிட்டது. இரண்டாவதில் மழை வருமோ வராதோ தெரியாது. இரண்டிலும் சொல் 'பெய்தாலும்' தான். அந்த வடிவத்துக்குள் ஒரு 'த்' இருக்கிறது, பார்த்தால் இறந்தகாலம் மாதிரி தோன்றும், ஆனால் அது காலம் காட்டுவதில்லை. காலத்தைக் கடைசி வினை பார்த்துக்கொள்ளும் என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. எதிரெதிரான இரண்டு செய்திகளைச் சேர்த்தாலும் ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: 'ஆல்தோ இட் ரெயிண்ட், வீ வென்ட்.' நடந்ததா, நடக்குமா என்ற பிரிவுக்கு இணைப்புச் சொல்லும் மாறும்: 'ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் கோ.' இதை யாரும் சொல்லித்தராத பிள்ளை 'ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், வீ வென்ட்' என்று சொன்னால், அது அறியாமையால் வந்ததில்லை. தன் தாய்மொழியின் இலக்கணத்தைச் சுத்தமாகப் பின்பற்றியதால் வந்தது.

இதற்கான வழியும் தமிழிலேயே இருக்கிறது. 'கூப்பிட்டாலும் வரல' என்பதைக் 'கூப்பிட்டும் வரல' என்று மாற்றிச் சொல்லலாம், காதுக்கு இடிக்காது. 'கூப்பிட்டாலும் வரமாட்டான்' என்பதைக் 'கூப்பிட்டும் வரமாட்டான்' என்று மாற்றினால் உடனே உறுத்தும். 'உம்' மட்டும் போட்டு மாற்ற முடிகிறது என்றால் அது உண்மையில் நடந்தது, எனவே 'ஆல்தோ' அல்லது 'ஈவன் தோ'. மாற்ற முடியவில்லை என்றால் 'ஈவன் இஃப்'. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'வசதி இருந்தும் உதவுவதில்லை' என்பதில் வசதி இன்றைக்கும் இருக்கிறது. 'வசதி இருந்தும் உதவவில்லை' என்பதில் அது அன்றைய வசதி. ஆகவே அடுத்து 'எப்போ?' என்று பிள்ளையையே கேட்க வேண்டும். அன்றைக்கு என்றால் 'வாஸ்', 'ஹேட்'. இன்றைக்கு என்றால் 'இஸ்', 'ஹேவ்'. அந்தப் பெண்ணிடம் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டேன். 'ஈவன் தோ மை ஃபாதர் வாஸ் நாட் வெல்' என்று அவளே திருத்திச் சொன்னாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

'ஆல்தோ ஹீ கேம் லேட், பட் ஹீ ஃபினிஷ்ட்' என்ற இரட்டை இணைப்புக்கு நம் வகுப்புகளில் விழும் திட்டுக்கு அளவில்லை. தமிழில் இணைப்பு பெரும்பாலும் இரண்டு செய்திகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கும்: 'லேட்டா வந்தாலும்', அல்லது 'லேட்டா வந்தான், ஆனா'. ஆங்கில 'ஆல்தோ' வாக்கியத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்வதால் நடுவிடம் வெறுமையாகத் தோன்றுகிறது. நாக்கு அங்கே ஒரு 'பட்' போட்டு அடைக்கிறது. இது என் அனுமானம், ஆனால் வகுப்பில் நாள்தோறும் பார்ப்பது. சீன மொழியில் இப்படி இரண்டு பக்கமும் சொல் போடுவதே முறை என்பதால் சீன மாணவர்களும் ஆங்கிலத்தில் இதே தவறைச் செய்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் 'தோ' என்று தொடங்கி 'யெட்' என்று தொடரும் ஜோடி உண்டு. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில்கூட இருக்கிறது. நம் பள்ளிகளில் இன்னும் அந்த ஜோடியைச் சொல்லித்தருகிறார்கள். ஒன்றைச் சரி என்றும் இன்னொன்றைத் தப்பு என்றும் காரணமே சொல்லாமல் அடித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

'ஹவெவர்', 'டெஸ்பைட்' இரண்டையும் தொடக்க வகுப்பில் கொண்டுவராதீர்கள் என்பது என் கருத்து. முதலாவது இணைப்புச் சொல்லே இல்லை, அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இரண்டாவதுக்குப் பின்னால் முழு வாக்கியம் வராது, 'டெஸ்பைட் த ரெயின்' என்பது போலப் பெயர்ச்சொல்தான் வரும். தினசரிப் பேச்சுக்குப் 'பட்' தாராளமாகப் போதும். 'வந்தான், பட் பேசல' என்று சென்னைத் தமிழே அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. 'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்குவதும் குற்றமில்லை.

'பட்' பக்கத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இரண்டாவது வினை. 'ஐ வென்ட், பட் ஹீ டிடின்ட் கேம்.' காலத்தை 'டிட்' ஏற்கெனவே வாங்கிக்கொண்டதால் அடுத்த வினை 'கம்' என்றே நிற்க வேண்டும். ஒரே வினை திரும்ப வந்தால் ஆங்கிலம் அதை விழுங்கியும் விடும்: 'ஐ வென்ட், பட் ஹீ டிடின்ட்.' தமிழில் நாம் 'நான் போனேன், அவன் போகல' என்று வினையைத் திரும்பச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'பட் ஹீ டிடின்ட் கோ' என்றால் தப்பில்லை, கொஞ்சம் நீளம், அவ்வளவே. வாக்கியக் கடைசியில் வரும் 'தோ'வையும் நீங்கள் யாரும் சொல்லித்தந்ததாகத் தெரியவில்லை. 'இட் வாஸ் ஹார்ட். ஐ ஃபினிஷ்ட் இட், தோ.' நம் பிள்ளைகளுக்கு இது பழக்கமான நடைதான். 'கஷ்டமா இருந்துச்சு. முடிச்சிட்டேன் ஆனா' என்று தெருவில் தினமும் பேசுகிறார்கள்.

என் வகுப்பில் இந்தப் பாடத்தை 2023 டிசம்பர் 4ஆம் தேதியைப் பற்றிய பேச்சோடு தொடங்குவேன். மிக்ஜாம் புயல் மழையில் நகரம் மூழ்கிய நாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் போதும். 'கரன்ட் போச்சு, ஆனா பக்கத்து வீட்டுல இன்வெர்ட்டர் இருந்துச்சு.' 'கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னும் அப்பா நடந்தே வந்துட்டாரு.' 'பால் வாங்கப் போனேன், அதுக்குள்ள தீர்ந்துபோச்சு.' கடைசியில் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்கு 'பட் இட் ஹேட் ரன் அவுட்' என்று இறந்தகாலத்துக்கும் முந்தைய காலம் வேண்டும். அதைச் சொன்ன பிள்ளை கடைக்குப் போவதற்கு முன்பே பால் தீர்ந்துவிட்டது என்பதை அந்த 'ஹேட்' சொல்லிவிடுகிறது. இணைப்புச் சொல் பட்டியல் எதுவும் தராத பாடம் இது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்களில் சிலர் வகுப்பில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம் வாங்குகிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 'கூப்பிட்டும்', 'கூப்பிட்டாலும்' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காத பிள்ளை 'ஈவன் தோ'வையும் 'ஈவன் இஃப்'பையும் எதை வைத்துப் பிரிக்கும்? அந்த நோட்டுப் பக்கத்தையும் கிழித்துவிடுங்கள். ஆறு சொல்லுக்கு ஒரே பொருள் எழுதாதீர்கள்.

பிள்ளைகள் சொன்ன மழைநாள் வாக்கியங்களைத் தமிழும் ஆங்கிலமுமாகக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டும் என்பவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். சனிக்கிழமை மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பதானாலும் வாருங்கள். அந்தப் பெண்ணும் வருவாள். அவளுக்கு அடுத்த மாதம் இன்னொரு நேர்முகம் இருக்கிறது.

இப்படிக்கு,
வியாசர்பாடி மாலை வகுப்பு ஆசிரியை