செபிக்கச் சொல்லும் முன் செய்தி உண்மையா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே செபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்." எங்கள் அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழு) வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி மறுபடியும் வந்திருக்கிறது. பல வருடங்களாக உலகம் முழுக்கச் சுற்றும் பொய் இது. 2007 ஜூலையில் தாலிபான்கள் தென்கொரியக் கிறிஸ்தவர்கள் 23 பேரைக் கடத்தியதும் அதில் 2 பேரைக் கொன்றதும் உண்மைதான், ஆனால் மற்ற 21 பேரும் அந்த ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே விடுதலையாகிவிட்டார்கள். "செபம்தானே, பொய்யா இருந்தா என்ன" என்கிறார்கள் சிலர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அருட்தந்தை டாம் உழுன்னாலில் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 2016 மார்ச் 4, ஏமனில் ஏடன் நகரம். அன்னை தெரசா சபை சகோதரிகள் நடத்திய முதியோர் இல்லத்துக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்தவர்கள் 16 பேரைக் கொன்றுவிட்டு, கேரளத்தைச் சேர்ந்த இந்தச் சலேசிய சபைக் குருவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்தில், பெரிய வெள்ளியன்று அவரைச் சிலுவையில் அறையப் போகிறார்கள், அறைந்தேவிட்டார்கள் என்று ஒரு வதந்தி உலகம் முழுக்கப் பரவியது. அவருடைய குடும்பம் அந்த நாளை எப்படிக் கடந்திருக்கும்? அது பொய் என்று தெரிந்ததும் பரபரப்பு அடங்கியது, பல இடங்களில் செபமும் கூடவே அடங்கிப்போனது. ஆனால் அவர் 2017 செப்டம்பர் 12 வரை கடத்தியவர்களின் பிடியில்தான் இருந்தார். அப்பமும் திராட்சை ரசமும் இல்லாமலேயே திருப்பலி செபங்களை நினைவிலிருந்து சொல்லி வந்ததாகப் பிறகு சொன்னார், தனக்காகச் செபித்த எல்லாருக்கும் நன்றியும் சொன்னார். நமக்குச் செய்தி பழசாகிப்போன மாதங்களில்தான் அவருக்கு நம் செபம் அதிகமாகத் தேவைப்பட்டிருக்கும்.

அன்றைக்கு இறந்தவர்களில் அருட்சகோதரிகள் நான்கு பேர்: இந்தியாவின் ஆன்செல்ம், கென்யாவின் ஜூடித், ருவாண்டாவின் மார்கரீத், ரெஜினெத். மற்ற 12 பேர் யார்? அங்கே வேலை பார்த்த எத்தியோப்பியர்களும் ஏமன் நாட்டவரும். முதியோரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, வாசலில் காவல் நின்றவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. சகோதரிகளுக்காகச் செபிக்கும்போது இவர்களை விட்டுவிட்டால் அது என்ன செபம்? அதிலும் இதைக் காட்டி ஒரு மதத்தையே திட்டிவிட்டு, கடைசியில் "ஆமென்" போட்டு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

ஏடனில் உயிர் கொடுத்த இந்த மறைசாட்சிகள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வருவதில்லை என்று போப் பிரான்சிஸ் அப்போதே வருத்தப்பட்டார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஞாயிறு மன்றாட்டில் "உலகெங்கும் துன்புறும் கிறிஸ்தவர்களுக்காக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம், எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். யாருக்காகக் கேட்டோம் என்றே தெரியாது. நைஜீரியாவின் டாப்சியில் 2018 பிப்ரவரி 19 அன்று போகோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பின் தரப்பினர் பள்ளியிலிருந்து 110 மாணவிகளைக் கடத்தினார்கள். உயிரோடிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் அடுத்த மாதமே வீடு திரும்ப, கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்றதால் லேயா ஷரிபு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டார். அப்போது அவருக்கு 14 வயது. எத்தனை பங்குகளில் இந்தப் பிள்ளையின் பெயர் சொல்லி மன்றாடுகிறோம்?

எனவே ஒரு வேண்டுகோள். இதழுக்கு ஒன்றாக, நீங்களே சரிபார்த்து, ஒரு ஊர், ஒரு பெயர், என்ன நடந்தது, இப்போது நிலைமை என்ன என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். அதை அப்படியே கோவிலில் வாசித்துவிடலாம். அக்டோபரில் வரும் மறைபரப்பு ஞாயிறுக்கு முன்னால் தொடங்கினால் நல்லது. அப்புறம், யாராவது விடுதலையானால் அதையும் மறக்காமல் போடுங்கள், நன்றி செபமும் சொல்ல வேண்டுமே.

அன்புடன்,
ஒரு வாசகி, தூத்துக்குடி