மாசிச் சனிக்கிழமை: பிள்ளைகளோடு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவரும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் வீட்டிலுள்ள அப்பாயி, அம்மாயி, தாத்தாமார்களுக்கும் வணக்கம்.

மாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை நம் பள்ளியின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் சித்தன்னவாசலுக்குப் போகிறார்கள். அங்கிருந்து குடுமியான்மலை, பிறகு ஒரு குளத்தங்கரை, கடைசியாக மண்குதிரை செய்யும் ஒரு வேளார் வீட்டுச் சூளை. வழக்கமாகச் சுற்றுலாக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு, பணத்தை மடித்துப் பையில் வைத்து அனுப்பிவிடுவீர்கள். இந்த முறை அது போதாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் கூட வர வேண்டும்.

பிள்ளைகளை மேய்க்க ஆள் போதவில்லை என்று நினைக்க வேண்டாம். காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வருடம் சித்தன்னவாசலுக்கு மட்டும் போனோம். ஆசிரியர்கள் நால்வர், துணைக்கு மூன்று பெரியவர்கள். மலையில் நான்தான் பேசினேன். மலைமேல் இருக்கும் குகைக்கு ஏழடிப்பட்டம் என்ற பெயர் பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்தது என்றேன். உள்ளே வரிசையாக 17 கற்படுக்கைகள் உண்டு, சமணத் துறவிகள் படுத்த இடம், தலைமாட்டில் தலையணைபோலக் கல்லை மேடாக விட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள் என்று காட்டினேன். அவற்றில் ஒரு படுக்கையில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பாதிப் பேர் கண்கள் கீழே நின்ற ஐஸ் வண்டி மேல் இருந்தன. அதையும் நான் கவனித்தேன்.

திரும்பும் வழியில் பேருந்தின் டயர் பஞ்சர். ஒரு குளத்தங்கரையில் முக்கால் மணி நேரம் நின்றோம். தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கல்லும் தெரிந்தன. "அது என்ன சார், சாமியா?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். குமிழி என்ற சொல் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. சமாளிக்க வாயைத் திறந்தபோது, துணைக்கு வந்திருந்த தாத்தா ஒருவர் பேச ஆரம்பித்தார்.

"அது குமிழித் தூம்பு தம்பி. அடியில ஒரு கல்தொட்டி இருக்கு. தொட்டி மேல மூடுன பலகைக்கல்லுல ஒரு துளை, அது நீரோடி. கீழே பக்கவாட்டுல இருக்கிற துளை சேறோடி. மேல அடைப்பைத் தூக்குனா நீரோடி வழியா தண்ணி இறங்கும். அந்த வேகத்துல அடியில இருக்கிற சேத்தையும் சேறோடி இழுத்துக்கிட்டு போகும். கரைக்கு அடியில போற சுரங்கம் வழியா வயலுக்கு வண்டலும் சேர்ந்து வரும். குளமும் தூர்ந்து போகாது, வயலுக்கும் உரம்."

பையன் விடவில்லை. "தண்ணிக்குள்ள இருக்கிறத எப்படித் தாத்தா தூக்குவாங்க?"

"நீந்திப் போயி முங்கித்தான். நான் பதினெட்டு வயசுல இருந்து முங்கியிருக்கேன்."

அவ்வளவுதான். 46 பிள்ளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எத்தனை நேரம் மூச்சுக் கட்டுவீங்க, பாம்பு இருக்காதா, அடைப்பு திறக்காவிட்டால் என்ன செய்வீங்க, அதற்குக் கூலி எவ்வளவு? நெல்லாகக் கொடுத்தார்களாம், அறுவடைக் களத்திலேயே அளந்து. குளம் பெருகும் காலத்தில் மிகுநீர் வழியும் கலிங்கில் எந்தக் கல் வரை தண்ணீர் தொட்டால் எந்தத் தெருக்காரர்கள் மண்வெட்டியோடு குளத்துக்கு நீர் வரும் வரத்துவாரிக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டயர் மாற்றி முடிந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

மடை திறப்பவரை மடையர் என்று சொல்வதும் உண்டு. வகுப்பில் கோபம் வரும்போது அந்தச் சொல்லை நான் வேறு மாதிரிப் பயன்படுத்தியது உண்டு. அன்றோடு விட்டேன்.

இந்த வருடப் பயணம் அந்தப் பஞ்சரில் பிறந்தது. மலையில் உள்ளதைச் சொல்ல எங்களால் முடியும், புத்தகம் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு பார்க்கப்போவதற்குப் புத்தகம் நீங்கள்தான். நம் பிள்ளைகளுக்கு மதுரை மீனாட்சி கோயிலின் கோபுரம் எத்தனை என்று தெரிகிறது. தன் வீட்டுத் தாத்தா குளத்தில் முங்கியவர் என்பது தெரியவில்லை. கேட்டால் நீங்கள் சொல்வதில்லை. "அதெல்லாம் பழைய கதை, நீ படி" என்கிறீர்கள். படிக்கச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. அதுவும் படிப்புதான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்களே!

இனி அன்றைய நாள்.

காலை ஆறரை மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து நிற்கும். வெயில் ஏறுவதற்குள் ஏழடிப்பட்டம் ஏறி இறங்கிவிட வேண்டும். படி அதிகம், நிழல் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து, பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலைப் பார்க்கலாம். அதற்கு இவ்வளவு ஏற்றம் கிடையாது. தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டைப் பள்ளி வாங்கிவிடும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

அறிவர் கோயிலில் எல்லோரும் மேலே பார்க்க வேண்டும். விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. தூணில் உள்ள ஆடல் மகளிரைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். கண்ணை இருட்டுக்குப் பழக விட்டுப் பார்த்தால் தெரியும். செல்பேசி வெளிச்சம் அடிக்க வேண்டாம். ஓவியத்துக்கு அது நல்லதல்ல. சமணர்கள் நினைத்துத் தீட்டியது வேறு ஒரு புனிதக் குளம். ஆனால் அந்த எருமையைப் பார்த்தால் நம் ஊர்க் குளத்தில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்குமே, அதுதான் எனக்கு நினைவு வருகிறது. வரைந்தவர் எருமையை அருகிலிருந்து பார்த்தவர்.

அங்கே 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அவரை மதுரை ஆசிரியன் என்று குறிக்கிறது. ஆசிரியர் ஒருவர் கோயிலைப் பழுது பார்த்தார் என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. நம் பள்ளிக் கழிவறைக் கதவைப் பழுது பார்க்க நான் எழுதும் மனுக்களும் ஒருநாள் கல்லில் ஏறலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போன வருடம் நம் பிள்ளை ஒருவன் ஏழடிப்பட்டத்துப் பாறையில் சாவியால் தன் பெயரைக் கீற ஆரம்பித்தான். முதல் எழுத்திலேயே பிடித்துவிட்டோம். ஏன் செய்தாய் என்று கேட்டேன். "திருநீலன், திருச்சாத்தன்னு அவங்களும்தான சார் பேரு எழுதி வச்சிருக்காங்க" என்றான். பிற்காலத்தில் அங்கே தங்கிய துறவிகளின் பெயர்களும் படுக்கைகளில் வெட்டப்பட்டிருக்கின்றன என்று அரை மணி முன்புதான் நான் சொல்லியிருந்தேன். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அவர்கள் வருடக்கணக்கில் அங்கே பட்டினி கிடந்தவர்கள், நீ பத்து நிமிடத்துக்கு ஒரு முறுக்குத் தின்றவன்" என்று சொன்னேன். சிரித்தான், சாவியைக் கொடுத்துவிட்டான். சரியான பதிலா என்று தெரியவில்லை. உங்களிடம் நல்ல பதில் இருந்தால் முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கீறுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்து.

குடுமியான்மலையில் அதிக நேரம் இல்லை. பாறைமேல் கிரந்த எழுத்தில் இசைக்கான சுரங்களை வெட்டி வைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதையும் சிகாநாதர் கோயில் மண்டபச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம். நார்த்தாமலையையும் சேர்க்கலாமே, திருமயம் கோட்டையையும் பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரத்தின் வட்டமான கருவறையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான். ஒரே நாளில் ஆறு இடம் என்றால் பேருந்தில் ஏறி இறங்கியது மட்டுமே நினைவில் நிற்கும். அடுத்த வருடம்.

மதியச் சாப்பாடு குளத்தங்கரையில், ஐயனார் கோயில் மரத்தடியில். வீட்டுக்கு ஒரு கட்டுச்சோறு. புளிச்சோறோ தயிர்ச்சோறோ, துவையலோ கருவாடோ, உங்கள் வீட்டில் என்ன வழக்கமோ அது. கருவாடு கொண்டுவருபவர்கள் மட்டும் கோயில் எல்லைக்கு வெளியே தள்ளி உட்காருங்கள். வாழை இலை நாங்கள் கொண்டுவருகிறோம். பிளாஸ்டிக் பொட்டலம் வேண்டாம். கோயில்காட்டில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஏன் கூடாது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாப்பிட்ட பிறகு குமிழி. இப்போது குளத்தில் தண்ணீர் கிடப்பதால் தூணின் தலை மட்டும் தெரியும். சித்திரை, வைகாசியில் வற்றும்போது அந்த ஊரார் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா எனும் மீன்பிடிக் கூடையும் வலையுமாக அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கெளுத்தி, கெண்டை, விரால். அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில்தான் குழம்பு வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஊத்தா கிடந்தால் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்தே இராத பிள்ளைகள் நம் பள்ளியில் பலர்.

கடைசியாகச் சூளை. புரவி எடுப்புக்கு, அதாவது ஐயனாருக்கு மண்குதிரை எடுத்துச் செல்லும் விழாவுக்கு, குதிரை செய்யும் வேளார் குடும்பம் ஒன்று வரச் சொல்லியிருக்கிறது. ஊரார் வந்து பிடிமண் கொடுத்தால்தான் வேலையைத் தொடங்குவார்கள். கால்களை முதலில் தனியாக நிறுத்தி, உடலை உள்ளே கூடாக ஏற்றி, கழுத்தும் தலையும் கடைசியில். ஆளுக்கு ஒரு பிடி களிமண் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நல்ல உடை வேண்டாம். காலையில் சித்தன்னவாசல் பகுதியில் பெருங்கற்காலப் புதைகுழிகளின் கல்வட்டங்களைப் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட குழிகளில் கருப்பு சிவப்புப் பானைகள் கிடைக்கின்றன. ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வருகிறது என்று நான் வேதியியல் சொல்வேன். சூளைக்காரர் சொல்வதை நானும் கேட்கப் போகிறேன்.

பணத்தைப் பற்றி. பேருந்துக்குப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் சேர்த்து 250 ரூபாய். ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வரச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அது சின்ன விஷயமல்ல. பணம் தர இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். அவர்களோடு அம்மாவோ அப்பாயியோ தாய்மாமனோ வரலாம். யாருமே வர முடியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டோம். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார வைப்போம். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, நான் வந்து என்ன செய்ய?" என்று போன வாரம் ஓர் அப்பாயி கேட்டார். அவருக்குத்தான் முன் வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

குடிநீர், தொப்பி அல்லது துண்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவை கையில் இருக்கட்டும். இரவு ஏழு மணிக்குள் திரும்பிவிடுவோம். பிள்ளைகள் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் ஆசிரியர்கள் நிற்பார்கள். வருபவர் பெயரைப் பின்பக்கத்தில் எழுதி வரும் புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

போன வருடத்துத் தாத்தாவும் வருகிறார். வயது எழுபத்தாறு. தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் மாற்று வேட்டி ஒன்று எடுத்து வைத்திருப்பதாக அவர் பேத்தி சொல்கிறாள். பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார, கொஞ்சம் பலமான அப்பா ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் பெயரோடு அதையும் குறிப்பிடவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்