தெரியாது என்று சொல்லி வளர்த்த மகளுக்கு

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை "ஞானஸ்நானம் எடுக்கப்போறேன்" என்று சொன்னதும் போனில் நீ பேசாமல் இருந்தாயே, அந்த அரை நிமிடம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் "அப்பா, நீங்களா?" என்று மட்டும் கேட்டாய். கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. ஆறாவது படிக்கும்போது "கடவுள் இருக்காராப்பா?" என்று நீ கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுடா. தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது" என்று சொன்னவன் நான்தானே. இல்லவே இல்லை என்று மேடை போட்ட ஆபீஸ் நண்பர்களோடும் நான் சேரவில்லை. அம்மா ரத்தினகிரி முருகனைப் பார்க்கப் போனால், கீழேயே நின்று செருப்புகளைப் பார்த்துக்கொள்வேன்.

அம்மாவின் கால் பெருவிரலை எடுத்தது உனக்குத் தெரியும். அதற்கு முன் நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. வீட்டில் போடும் செருப்பில் ஒரு ஆணி ஏறியிருந்தது. மூன்று நாள் அதோடு சமைத்தாள், துணி காயப்போட மாடிக்கு ஏறி இறங்கினாள். நான்காம் நாள் சமையலறைத் தரையில் ஈரக் கறையைப் பார்த்துவிட்டு நான்தான் அவள் காலைத் திருப்பிப் பார்த்தேன். "வலிக்கலையா?" என்றேன். "எதுக்கு வலிக்கணும்?" என்று கேட்டாள். கால் அவ்வளவு மரத்துப்போயிருந்தது.

புண் ஆறிய பிறகு, மரத்துப்போன காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்.சி.ஆர். செருப்புக்கு அளவு கொடுக்கப் போனோம். அளவெடுத்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சிறு வயதில் தொழுநோய் வந்து குணமானவர். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். பக்கத்தில் ஸ்டூல் இருந்தும், அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்காவது சூடு கூடுதலாக இருக்கிறதா என்று வலது புறங்கையைப் பாதம் முழுக்க வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நைலான் இழையை எடுத்து, "கண்ணை மூடிக்கங்கம்மா, தொட்டா சொல்லுங்க" என்றார். இழை வளைகிற அளவுக்கு ஒவ்வோர் இடமாக அழுத்தினார். அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிங்கண்ணா" என்றாள். அவர் அதற்குள் ஆறு இடம் தொட்டு முடித்திருந்தார்.

டாக்டர் பால் பிராண்டைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூருக்கு டாக்டராக வந்தவர். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, நரம்பு மரத்துப்போனதால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல்தான் கை தேய்ந்து போகிறது என்று கண்டு சொன்னவர். சிலருக்கு இரவோடு இரவாக விரல் குறைந்திருக்கிறது. காரணம் தெரியாமல் விழித்திருந்து பார்த்தால், தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருக்கிறது. அவர் அசையக்கூட இல்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். வலி கடவுள் தந்த வரம் என்று பிராண்ட் கடைசிவரை சொல்லிவந்தார்.

உலகத்தில் இவ்வளவு வலி இருக்கும்போது கடவுள் எங்கே என்று நாற்பது வருஷமாகக் கேட்டுவிட்டு, பதில் கிடைக்காததால் "தெரியாது" என்பதோடு நிறுத்திக்கொண்டவன் நான். வலியே இல்லாத ஒரு காலைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்தது அப்போதுதான். செருப்புக்காரரிடம், "ஸ்டூல் இருக்கே, ஏன் மடியில வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "என் காலை ஒருத்தர் இப்படித்தான் வெச்சுக்கிட்டார் சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, துண்டுப் பிரசுரம்கூடக் கொடுக்கவில்லை.

நானாகத்தான் ஒரு பைபிள் வாங்கினேன். மாற்கு எழுதின சுவிசேஷம் பதினாறே அதிகாரம். ஒரே ராத்திரியில் முடித்தேன். பதினைந்தாம் அதிகாரத்தில், சிலுவையில் அறைவதற்கு முன் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுக்கிறார்கள். வலி தெரியாமல் இருக்கக் கொடுப்பது அது. "அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை" என்று ஒரு வரி. எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. மரத்துப்போகச் சம்மதிக்காத ஒருவர். வலி எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வரியில் விளக்கம் கிடையாது. ஆனால் நான் இத்தனை வருஷம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது வானத்தைப் பார்த்து. பதில் சொல்லக் கூடியவர் இங்கே கீழே, அந்த வலிக்குள்ளேயே இருந்திருக்கிறார் என்று பட்டது. விடியும்வரை அழுதேன் பாப்பா. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

என் "தெரியாது" நேர்மையாகத்தான் தொடங்கியது. போகப்போக அது நானே போட்டுக்கொண்ட மரப்பு ஊசி ஆகிவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டால் தேட வேண்டாம், யாராவது கூப்பிட்டாலும் திரும்ப வேண்டாம். உன்னுடையதும் அப்படித்தான் என்று நான் சொல்லவே மாட்டேன். என்னுடையதைத்தான் சொல்கிறேன்.

சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பாய். இல்லை. அதே மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், நோயாளிப் பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை குணமாகிறது. அந்த ஜெபத்தைத்தான் தினமும் காலையில் சொல்கிறேன். ஞானஸ்நான வகுப்பிலும் போதகரிடம் இதை மறைக்கவில்லை.

பெயரை மாற்றிக்கொள்ளப்போவதில்லை. அம்மா கிருத்திகை விரதம் இருக்கிறாள், விளக்கேற்றுகிறாள். அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆராதனைக்கு நான் கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட்டு வைப்பவளே அவள்தான். சித்தப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அது மனசை அறுக்கிறது. நானே போய்ப் பார்க்கப்போகிறேன்.

பிராண்டை ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929இல் அவருடைய அப்பா கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி தந்தியில் முதலில் போய்விட்டது. அப்பா உயிரோடிருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இதைப் படித்த நாள் முதல், உனக்கு என் கையாலேயே ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. நீ கோபமாக இருந்தாலும் இதை வைத்துக்கொள். கேட்க வேண்டியதை எல்லாம் கேள், சண்டை போடு, நான் கேட்டுக்கொள்வேன்.

அம்மாவின் காலைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தண்ணீரை நான் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் காலை வைக்க வேண்டும். சூட்டை அவள் கால் சொல்லாது.

அன்புடன்,
அப்பா