மல் தீவிலிருந்து அப்பாவுக்கு

புனெஸன், மல் தீவு,
ஸ்காட்லாந்து.
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். அம்மா, தம்பி, அப்பத்தா எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. படகைக் கரையேற்றி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பீர்கள். புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும் படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். அதில் ஓரமாகத் தெரிவது உங்கள் தோள்தானே என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

போன வாரம் தொலைபேசியில் "அங்கே கடல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. சம்பளம், குளிர், சோறு கிடைக்குமா என்று எல்லாரும் எல்லாமும் கேட்டார்கள். கடலைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். இன்று ஞாயிறு, எனக்கு விடுமுறை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா, இந்தக் கடல் மூச்சு விடுகிறது. நம் பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் முழங்கால் அளவுதான். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது நான்கு மீட்டரை நெருங்குகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் பாசி படர்ந்த பாறைகள் கிடக்கின்றன, படகு மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. மறுபடி ஆறு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிடுகிறது. ஏற்றவற்ற நேரங்கள் அச்சிட்ட சிறு புத்தகம் வீட்டுக்கு வீடு தொங்குகிறது, நம் வீட்டில் நாள்காட்டி தொங்குவதைப்போல.

அந்தப் புத்தகத்தைப் பார்க்காமல் போனதால் மார்ச் மாதம் நான் மாட்டிக்கொண்டேன். அம்மா பயப்படுவாள் என்று அப்போது சொல்லவில்லை. இந்தத் தீவின் தென்மேற்கு மூலையில் எர்ரெய்ட் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. வற்றத்தின்போது நடுவில் உள்ள மணலில் நடந்தே போகலாம். சிவப்புக் கருங்கல்லில் கட்டிய வீடுகள் அங்கே ஒரே வரிசையாக நிற்கின்றன. நடுக்கடலில் டூ அர்டாக் என்ற பாறைமேல் 1872இல் ஒரு கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அதைக் கட்டுவதற்கான கல் இங்கிருந்துதான் போயிருக்கிறது. விளக்குக் காவலர்களின் குடும்பங்கள் வாழ்ந்ததும் இந்த வீடுகளில்தான். கணவன்மார் தொலைதூரப் பாறையில் காவல் இருக்க, மனைவிமார் இங்கிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அம்மாவை நினைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

திரும்பி வந்தபோது மணலைக் காணவில்லை. அலை கிடையாது, சத்தமும் கிடையாது. சமையலறைத் தரையில் கொட்டிய தண்ணீர் பரவுவதுபோல இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்ந்துகொண்டது. இடுப்பளவுதான் இருக்கும், இறங்கிவிடலாம் என்று நினைத்து முழங்கால் வரை இறங்கினேன். குளிர் எலும்பைக் கவ்வியது. அதைவிட, காலடியில் மணல் நழுவியது. "இழுப்பு இருந்தால் ஆழம் பார்க்காதே, கரையேறு" என்று நீங்கள் சொல்லித்தந்தது காதில் கேட்டது. கரையேறிவிட்டேன். அந்த வரிசை வீடுகளில் இப்போதும் சிலர் வசிக்கிறார்கள். ஈரக்கால்களோடு கதவைத் தட்டியவளை உள்ளே அழைத்து, அடுப்பருகே உட்காரவைத்து, சூடாக சூப் கொடுத்தார்கள். "அடுத்த வற்றம் நடுராத்திரி தாண்டித்தான்" என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் அவர்களே சின்னப் படகில் ஃபின்னஃபோர்ட் துறையில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் என் வீட்டு வாசலில் அந்த ஏற்றவற்றப் புத்தகம் ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் கூண்டு வைத்து நண்டும் சிங்கி றாலும் பிடிப்பவர். உங்கள் வயதுதான் இருக்கும். நீங்களும் கடல் தொழில் செய்பவர் என்று தெரிந்ததிலிருந்து என்னைச் சொந்தப் பிள்ளைபோல நடத்துகிறார். அரைவட்ட இரும்புச் சட்டத்தில் வலை பின்னி, அடியில் கனம் வைத்து, உள்ளே உப்பிட்ட மீனை இரையாகக் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட கூண்டுகள் பலவற்றை ஒரே கயிற்றில் வரிசையாகக் கோத்து இறக்குகிறார்கள். ஒரு காலை என்னையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். கூண்டு மேலே வந்ததும் முதலில் அளவுகோலை எடுத்தார். அளவு குறைந்தால் உடனே கடலுக்குள் போட்டுவிடுகிறார். ஒன்று முட்டையோடு இருந்தது. கருநீல ஓடு, வயிற்றுக்கடியில் கருப்பு மணிகளாக ஆயிரக்கணக்கான முட்டைகள். அதன் வால் மடலில் சின்னதாக ஒரு முக்கோண வெட்டு போட்டுத் தண்ணீரில் விட்டார். அந்த வெட்டு உள்ள சிங்கியை யார் பிடித்தாலும் விற்கக் கூடாது, அது சட்டம். "இது பல வருடம் முட்டையிடும், என் மகனுக்கு மீன் வேண்டாமா?" என்றார். இதை உங்கள் சங்கத்தில் சொல்ல வேண்டும், அப்பா. நம் பக்கம் சினைச் சிங்கிக்கும் விலை பேசுவதைக் கேட்டு நீங்கள் எத்தனை முறை எழுந்து வந்திருக்கிறீர்கள்!

பிடித்ததில் பெரும்பகுதி உயிரோடு ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறது. கானாங்கெளுத்திக்கு அண்ணன் போன்ற ஒரு மீன் கிடைத்தால் மட்டும் என் கதவுக் கைப்பிடியில் பையில் தொங்கவிட்டுப் போவார். அம்மா கொடுத்தனுப்பிய புளியில் குழம்பு வைத்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய வழிய முழுவதையும் சாப்பிட்டார்.

என் வேலை உங்களுக்குத் தெரியும், தனியாக வாழும் முதியோரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. நாள் முழுக்க கார்தான். இந்தத் தீவில் பெரும்பாலான சாலைகள் ஒற்றைத் தடம். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே கொஞ்சம் அகலப்படுத்தியிருப்பார்கள். அந்த இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் ஒதுங்குவார், மற்றவர் கடக்கும்போது கையை உயர்த்துவார். ஜனவரியில் மழைக்குள் ஒரு லாரிக்கு வழிவிடப் போய், ஓரத்துப் புல் உறுதியானது என்று நம்பி இறக்கிவிட்டேன். அடியில் சேறு. கார் சாய்ந்து பள்ளத்தில் இறங்கியது. அடிபடவில்லை, ஆனால் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. நான் போகவேண்டிய வீட்டில் ஒரு பெரியவர் மருந்துக்குக் காத்திருந்தார். அந்த லாரிக்காரர் இறங்கி வந்து, யாரையோ கூப்பிட்டார். டிராக்டர் வந்து கட்டி இழுத்தது. பணம் கொடுக்கப் போனேன். "அடுத்த முறை நீங்கள் எங்கள் அம்மாவைப் பார்க்க வருவீர்களே" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெரியவருக்கு மருந்து அரை மணி தாமதமாகக் கிடைத்தது. அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சாலையோரத்தில் நீர்நாய்க்கென்று எச்சரிக்கைப் பலகைகூட உண்டு. கடலிலிருந்து ஏறி ஓடைக்குப் போகும்போது வண்டிகளில் அடிபட்டுவிடுகின்றன. உப்பு ஊறினால் அதன் ரோமம் குளிரைத் தாங்காதாம். நல்ல தண்ணீரில் அலசியே ஆகவேண்டும். ஸ்க்ரிடன் என்ற கடற்கழியின் கரையோரமாகத்தான் என் தினசரிப் பாதை. ஒருநாள் மதியச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பாசிக்குள் ஒரு தலை எழும்பியது. வாயில் நண்டு. பாறையில் ஏறி, இரண்டு முன்னங்கால்களாலும் நண்டைப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக் கடித்தது. கார்க் கண்ணாடியை இறக்கியிருந்ததால் அந்தக் கறுக் மொறுக் சத்தம் எனக்குக் கேட்டது. நண்டு தின்னும்போது தம்பியும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வான்.

அதே இடத்தில்தான் வெண்வால் கடற்கழுகையும் பார்த்தேன். சிறகை விரித்தால் எட்டடி. அது தலைக்கு மேலே போனபோது என் சோற்றுப் பெட்டியின் மீது நிழல் விழுந்தது. இந்தப் பறவையை ஆடு மேய்ப்பவர்களும் வேட்டைக்காரர்களும் சுட்டுத் தீர்த்து, பிரிட்டனின் கடைசிக் கடற்கழுகு 1918இல் ஷெட்லாந்தில் கொல்லப்பட்டது. பிறகு 1975 தொடங்கிப் பத்து வருடங்களில் நார்வேயிலிருந்து 82 குஞ்சுகளைக் கொண்டுவந்து, வடக்கே ரம் தீவில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். அவற்றின் வழியில் முதல் குஞ்சு கூட்டிலிருந்து பறந்தது 1985இல், இந்த மல் தீவில். இன்று இதைப் பார்க்கவே தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

ஆனால் நான் பார்க்கப் போகும் ஒரு வீட்டில் செம்மறி வளர்க்கிறார்கள். பிறந்து மூன்று நாளான குட்டியைக் கழுகு தூக்கிப்போனதை அந்த வீட்டு மகன் என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. இரவெல்லாம் மழையில் நின்று பிரசவம் பார்த்த குட்டி. அரசு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. அதனால் அந்தக் குட்டி திரும்பி வருமா? எனக்கு உங்கள் வலையில் சிக்கிய ஆவுளியா, அந்தக் கடற்பசு, நினைவுக்கு வந்தது. பத்து நாள் உழைப்பில் முடிந்த வலையை அறுத்து அதை வெளியே விட்டுவிட்டு வந்தீர்கள். அன்று இரவு யாரோடும் பேசவில்லை. அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும் போலிருக்கிறது" என்றார். கழுகு இங்கே வாழவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கான விலையைச் சுமப்பது இவரைப்போன்ற சிலர் மட்டுமே என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்பத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். நான் பார்க்கும் ஒரு பாட்டிக்குத் தாய்மொழி கேலிக், ஸ்காட்லாந்தின் பழைய மொழி. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ"தான். கேலிக்கில் நம்மைப்போலவே சின்னவர்களுக்கு ஒரு சொல், பெரியவர்களுக்கு ஒரு சொல். அவர் எனக்கு நன்றி சொன்னால் "தாப்பா லாத்". நான் அவருக்குச் சொன்னால் "தாப்பா லீவ்". முதல் நாள் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்தித் திருத்தினார். தமிழிலும் நீ, நீங்கள் என்று உண்டு என்று சொன்னேன். அன்றிலிருந்து நான் போனால் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுவைக்கிறார்.

குளிர்காலத்தில் காற்று பலமானால் எதிர்க்கரையிலுள்ள ஓபன் துறைமுகத்திலிருந்து கப்பல் வராது. ஒருமுறை மூன்று நாள் வரவில்லை. கடையில் ரொட்டித் தட்டுகள் காலி, மின்சாரமும் போய்விட்டது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டு. 1988இல் பஸ் பாலம் வரும்வரை ரயில் நின்றால் நம் தீவும் நின்றுவிடும் என்பீர்களே, அந்தக் கதைகளை நினைத்துக்கொண்டே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிடந்தேன். இப்போது அதற்கு நேர்மாறு. இரவு ஒன்பதரை வரை வெயில். இன்னும் சில வாரத்தில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு கிளம்பிவிடும். காற்று நின்றால் மேகம்போல் வந்து மொய்க்கும். தலைக்கு வலை வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு செய்தி. ஃபின்னஃபோர்ட் துறையிலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் அயோனா என்ற தீவு. கிறிஸ்தவத் துறவி புனித கொலும்பா 563இல் பன்னிரண்டு பேரோடு அயர்லாந்திலிருந்து தோல் போர்த்திய படகில் வந்து இறங்கிய இடம். நேற்று அங்கே போய் அம்மா சொன்னபடி மண்டியிட்டு வேண்டிக்கொண்டேன். ஊர்க்காரர் ஒருவர் தங்கச் சொன்னதால் இரவு அங்கேயே தங்கினேன்.

தூக்கம் வரவில்லை. நடுநிசிக்கு வெளியே வந்தால் புல்வெளிக்குள்ளிருந்து ஒரு சத்தம், சீப்பின் பற்களை நகத்தால் இழுப்பதுபோல. க்ரெக்ஸ், க்ரெக்ஸ். கானாங்கோழி இனத்துப் பறவை அது. ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து புல்லுக்குள் மறைந்து முட்டையிடுகிறது. அறுவடை இயந்திரங்கள் வந்தபின் பிரிட்டனின் பெரும்பகுதியிலிருந்து ஒழிந்துபோய், பெரும்பாலும் இந்த மேற்குத் தீவுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்காக இங்குள்ள விவசாயிகள் புல் அறுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். அறுக்கும்போதும் வயலின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வருகிறார்கள், குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடித் தப்பட்டும் என்று. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். எனக்கும் அதற்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. கடைசிவரை கண்ணில் படவில்லை.

கூண்டின் வாய் எப்படிப் பின்னியிருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து, கண்ணி எண்ணிக்கையோடு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். முடிச்சு ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அது நம் முடிச்சுதானா என்று பார்த்து எழுதுங்கள். அவர் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்