நிறுவுவது வேறு, ஏற்றுவது வேறு

ஆசிரியருக்கு,

மாணவர்களிடையே கைமாறும், புள்ளியியலுக்கான ஆர் மொழி நிரல்கள் பலவற்றின் தலையில் ஒரே வரிதான் இருக்கிறது: பேக்கேஜை (ஃபங்ஷன்களின் தொகுப்பை) ‘ரிக்வயர்’ கொண்டு ஏற்றிப் பார்; இல்லையென்றால் ‘இன்ஸ்டால்.பேக்கேஜஸ்’ கொண்டு நிறுவு. வசதிதான். ஆனால் நிறுவுவது பேக்கேஜைக் கணினியில் இறக்கி வைப்பது; ஏற்றுவது அதை ஓடும் நிரலுக்குள் கொண்டுவருவது. நிறுவிய கையோடு அதை ஏற்றும் வரியோ பெரும்பாலும் விடுபட்டிருக்கும். முதல் தடவை ‘அப்படியொரு ஃபங்ஷன் இல்லை’ என்று நிரல் நின்றுவிடும். இரண்டாம் தடவை ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

‘ரிக்வயர்’, பேக்கேஜ் கிடைக்காவிட்டால் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ‘லைப்ரரி’ அங்கேயே நிறுத்தும். நமக்கு வேண்டியது அதுதான். இருக்கிறதா என்று பார்க்க ‘ரிக்வயர்நேம்ஸ்பேஸ்’, இல்லாததை மட்டும் நிறுவுவது, பிறகு ‘லைப்ரரி’: இந்த வரிசை போதும். பெயர்களைப் பட்டியலாக வைத்து லூப்பில் ஏற்றுவோர் ‘கேரக்டர்.ஒன்லி’யை ட்ரூ என்று கொடுக்க வேண்டும். மறந்தால் மாறியின் பெயரிலேயே பேக்கேஜைத் தேடும். ‘பேக்மேன்’ என்ற பேக்கேஜ் இத்தனையையும் ஒரே வரியில் முடிக்கும். அந்தப் பேக்மேனை யார் நிறுவுவது என்பதுதான் கேள்வி!

கட்டளை வரியில் ‘ஆர்ஸ்கிரிப்ட்’ வழியாக நிரலை ஓட்டும்போது எந்த மிரரிலிருந்து (பேக்கேஜ்களின் நகல் உள்ள தளத்திலிருந்து) இறக்குவது என்று கேட்டுப் பதில் வாங்க ஆளில்லை. ஆர் பேக்கேஜ்களின் களஞ்சியமான கிரானின் முகவரியை நிரலிலேயே கொடுக்காவிட்டால் எரர்தான். விண்டோஸில், ஏற்றிய பேக்கேஜையே புதுப்பிக்கப் போனால் அதன் டிஎல்எல் கோப்பு (ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள நிரல் கோப்பு) பூட்டிக்கொள்ளும். நிறுவல் பாதியில் முறிந்தால் ‘00லாக்’ என்று தொடங்கும் ஃபோல்டர் தங்கி அடுத்த முயற்சியையும் தடுக்கலாம். ஆரை மூடிவிட்டு அதை அழித்தால் சரியாகும்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். ‘டீப்ளையர்’, ‘மாஸ்’ என்ற பேக்கேஜ்கள் இரண்டிலும் ‘செலக்ட்’ என்ற ஃபங்ஷன் உண்டு. கடைசியில் ஏற்றியதுதான் செல்லும். பேக்கேஜ் பெயரும் இரட்டை முக்காற்புள்ளியும் முன்னால் சேர்த்து எழுதினால் குழப்பமில்லை.

ஆய்வேட்டுக்கு இதுவும் போதாது. தானாக நிறுவும் வரி அன்றைய பதிப்பைத்தான் இறக்கும். எழுதியபோது இருந்ததை அல்ல. பயன்படுத்திய பதிப்புகளை ‘ரென்வ்.லாக்’ கோப்பில் குறித்துவைக்கும் ‘ரென்வ்’ பேக்கேஜில் ‘இனிட்’, வேலை முடிந்ததும் ‘ஸ்னாப்ஷாட்’, வேறு கணினியில் ‘ரீஸ்டோர்’ என்று மூன்று கட்டளைகள். ஆரின் பதிப்பையும் அது குறித்துவைக்கும், நிறுவித் தராது. அந்தப் பதிப்பும் முக்கியம். 2019இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பில், தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் ‘சாம்பிள்’ ஃபங்ஷன் வேலைசெய்யும் விதம் மாறியதால், தேர்வு ஒவ்வொரு முறையும் ஒரேபோல் வரக் கொடுக்கும் அதே ‘செட்.சீட்’ எண்ணுக்குப் பழைய பதிப்பில் ஒரு விடையும் புதியதில் வேறு விடையும் கிடைக்கும். எனவே வழிகாட்டிகள் நிரலோடு ‘ரென்வ்.லாக்’ கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்