பண்ருட்டி நேயருக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

முந்தாநாள் ராத்திரி ஏழரைக்கு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. புயல் அடித்து 26 நாள் கழித்து. பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டு, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். பல்பு எரிவதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அந்த ரேடியோவுக்காகத்தான் இந்த மடல்.

கஜா புயலைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை என்று சொன்னாலே போதும், வேதாரண்யத்திலிருந்து எங்கள் பேராவூரணி வரைக்கும் வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. என்னுடையது அதில் ஒன்றும் விசேஷமானதல்ல.

பெரிய உதவி செய்தவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து, பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்து எழுந்து, முழங்கால் சேற்றில் கம்பம் தூக்கிய மின்வாரியத் தம்பிகள்; முதல் நாலு நாளும் ஊருக்கே உலை வைத்த பள்ளிவாசல்காரர்கள்; மதுரையிலிருந்து லாரி நிறைய தார்பாயும் குடிதண்ணீரும் கொண்டுவந்து, பெயர்கூடச் சொல்லாமல் போன கல்லூரிப் பிள்ளைகள்; மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற டிராக்டரில் ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அதனால் சுருக்கமாகவே நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது வானொலிக்கு வருகிறேன்.

நம் நிலையத்தில் சாயங்காலம் வருகிற அந்த நேரடி நிகழ்ச்சி நமக்கெல்லாம் பழக்கமானதுதான். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை, கடைசி பஸ் எங்கள் ஊரில் நிற்பதில்லை, மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. இப்படித்தான் வருஷம் முழுக்கப் போகும். உண்மையைச் சொன்னால் நான் சமையல் நேரத்தில் காதில் போட்டுக்கொள்வதோடு சரி. அப்பாதான் ஒரு நாள் விடாமல் கேட்பார். புயலுக்கு அப்புறம் அதே நிகழ்ச்சி எங்களுக்குத் தாலுகா ஆபீசாகவும் தந்தியாபீசாகவும் ஆகிப்போனது. எந்த ரோட்டில் மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள், எந்த ஊருக்குக் கம்பம் வந்திருக்கிறது, ரேஷன் கார்டு நனைந்து கிழிந்துபோனவர்கள் யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் அதில்தான்.

சென்னையிலிருக்கிற என் தங்கை போன் பண்ணும்போதெல்லாம் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள் என்பாள். முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து பார்த்தது சரியா தப்பா என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசினார்களாம். பேசட்டும். எங்கள் வானொலியில் அன்றைக்கு, விழுந்து கிடக்கிற தென்னையை அப்படியே போட்டுவைத்தால் மட்கிப்போய் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், நிற்கிற மரத்தையும் நாசம் பண்ணும் என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது அதுதான்.

ஒன்பதாம் நாள் நானும் அந்த நிகழ்ச்சிக்குப் பேசினேன். ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் 20 ரூபாய் கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அங்கேயே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து நாற்பது தடவையாவது அடித்திருப்பேன். என் கேள்வி இதுதான். எங்கள் தோப்பில் 140 மரம். 106 விழுந்துவிட்டது. 11 நன்றாக நிற்கிறது. மிச்சம் 23 மரம் நிற்கிறது, ஆனால் கொண்டை முறுக்கிக் குருத்து ஒடிந்து தொங்குகிறது. அரசாங்கம், நஷ்டஈடாக மரம் ஒன்றுக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அறிவித்திருந்தது. கணக்கெடுக்க வந்தவரோ நிற்கிற மரம் எப்படி நஷ்டமாகும் என்று அந்த 23-ஐ விட்டுவிட்டுப் போய்விட்டார். அவரும் ராத்திரி பகல் பார்க்காமல் அலைந்தவர்தான். அவர் மேல் கோபமில்லை. கோபம் இருந்தது, இப்போது இல்லை.

நிலையத்துக்கு வந்திருந்த தோட்டக்கலை அலுவலர் பொறுமையாகப் பதில் சொன்னார். தென்னைக்கு ஒரே குருத்து, அது போனால் பக்கத்தில் துளிர்க்காது, நின்றாலும் அது செத்த மரம்தான், மனு எழுதிக் கொடுங்கள் என்றார். அப்புறம் நிகழ்ச்சி நடத்துகிற அம்மா, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

அப்படி யாரும் கேட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்கப்பா தினமும் தோப்புக்குப் போய் விழுந்த மரத்தை எண்ணிட்டு வர்றாரும்மா. நேத்து எண்ணினதையே இன்னிக்கும் எண்ணுறார். உங்க நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்துடுவார். இப்போ ரேடியோவுல பேட்டரிக் கட்டை தீரப்போகுது. கடையில கட்டை இல்ல. நாளைக்கு நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்குமோ என்னமோ." அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வெட்கமாக இருந்தது. ஊரே கூரையில்லாமல் கிடக்கிறது, நான் ரேடியோவுக்குக் கட்டை இல்லை என்று நாடறியச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா கட்டைகளைக் கழற்றிப் பகலில் முறத்தில் போட்டு, வடகம் மாதிரி வெயிலில் காயவைப்பார். சூடு ஏறினால் சாயங்காலம் பத்து நிமிஷம் கூடுதலாக ஓடும். அப்படிக் காயவைத்த கட்டையில்தான், நான் பேசிய மூன்றாம் நாள் அந்த அறிவிப்பைக் கேட்டோம். "பேராவூரணி பக்கத்திலிருந்து பேசின, அப்பாவுக்காகப் பேசின அக்காவுக்கு ஒரு தகவல். பண்ருட்டியிலிருந்து ஒரு நேயர் உங்களுக்கு ஒரு பை அனுப்பியிருக்கார். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்." கடைசி வார்த்தை கொரகொரவென்று இழுத்து நின்றுபோனது. அப்பா என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர், "ரேடியோ அக்காவா?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். சென்னை வண்டியில் கொண்டுவந்த கண்டக்டர் கூலி வாங்கவில்லையாம். கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை.

ஒரு மஞ்சப்பை. அதற்குள் தினத்தாளில் சுற்றிய நாலு பெரிய கட்டை, ஒரு கட்டு மெழுகுவத்தி, இரண்டு கை முந்திரிப்பருப்பு. நோட்டில் கிழித்த ஒரு தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, வயதானவராகத்தான் இருக்க வேண்டும்.

"அம்மா, தானே புயலில் என் முந்திரித் தோப்பு முழுக்கப் போச்சு. பலாவும் போச்சு. 2011 டிசம்பர் 30. அன்னைக்கு எங்க வீட்டு ரேடியோவுக்கு மூணாம் நாளே கட்டை தீர்ந்தது. அதுக்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. ரெண்டைப் போடுங்க, ரெண்டை எடுத்து வைங்க. அப்பா எண்ணினா எண்ணட்டும், தடுக்காதீங்க. நானும் எண்ணினேன். ஒருநாள் தானா நின்னுடும். பருப்பு அதுக்கப்புறம் வச்ச கன்னுல காய்ச்சது."

பெயர் இல்லை. "பண்ருட்டி நேயர்" என்று மட்டும் இருந்தது.

அதை அப்பாவிடம் நான்தான் படித்துக் காட்டினேன், அவருக்குக் கண்ணாடியும் புயலில் போய்விட்டது. "ஒருநாள் தானா நின்னுடும்" என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு முந்திரியில் ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் மென்றார். அன்றைக்கும் மறுநாளும் தோப்புக்குப் போய் எண்ணத்தான் செய்தார். ஆனால் நாலாம் நாள் போகும்போது கையில் அரிவாள் இருந்தது. விழுந்த மட்டைகளை ஒதுக்கிப் பாதை பண்ணிவிட்டு வந்தார். இது கட்டையினால் வந்ததா, தாளினால் வந்ததா, நாள் ஆனதால் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பண்ருட்டிக்காரர் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறேன்.

அந்த 23 மரத்தையும் மறுபடி வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். பணம் வரும்போது வரட்டும். மரம் அறுக்கிற மெஷின்காரருக்கே 500 போதவில்லை. செங்கல் சூளைக்காரர் தென்னங்கட்டைக்கு விலை சொல்வதைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. அதையெல்லாம் இன்னொரு நாள் நிகழ்ச்சியில் வந்து கேட்கிறேன், விடமாட்டேன். இனிமேல் சமையல் நேரத்தில் காதில் போட்டுக்கொள்கிற நேயர் இல்லை நான்.

மிச்சம் இரண்டு கட்டையைப் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து எந்தக் கடலோரத்தில் காற்று அடிக்கிறதோ, அங்கிருந்து யாராவது நிகழ்ச்சிக்குப் பேசினால் அவர்களுக்குப் போகும். அதோடு நாங்கள் இரண்டு சேர்த்துப் போடுவோம்.

நிகழ்ச்சி நடத்துகிற அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். இதை ஒரு தடவை ஒலிபரப்பில் வாசித்துவிடுங்கள், அவர் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பண்ருட்டி ஐயா, உங்கள் மஞ்சப்பையைத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அதே டீக்கடையில் சென்னை வண்டி கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு நெத்துத் தேங்காய் இருக்கும். நிற்கிற 11 மரத்தில் ஒன்றிலிருந்து அப்பாவே பொறுக்கியது, நாட்டு நெட்டை. காதருகே வைத்து ஆட்டித் தண்ணீர் சத்தம் கேட்டுத்தான் எடுத்தார். மணலில் படுக்கப் போட்டு, மேல்பக்கம் கொஞ்சம் தெரிகிற மாதிரி புதைக்கச் சொன்னார். ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டுமாம்.